இளைப்பாறும் பெற்றாருக்கு என்ன கொடுப்போம்?

பாடசாலை மண்டபத்தில் பிரியாவிடை வைபவம் நிறைவெய்தியது என்று வைத்துக்கொள்வோம். அதிபர் பேசினார், பங்குத் தந்தை பேசினார், பழைய மாணவர் சார்பில் ஒருவர் பேசினார். பொன்னாடை போர்த்தி, மாலை அணிவித்து, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா ஒன்றை வாசித்துக் கையளித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் படிப்பித்த ஆசிரியர் அன்று மாலை வீடு திரும்புகிறார். வாழ்த்துப்பா சுவரில் ஏறுகிறது. பொன்னாடை அலுமாரிக்குள் போகிறது.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு அவர் வழக்கம்போல எழும்புகிறார். செபம் சொல்லி, தேநீர் குடித்து, கிணற்றடியில் குளித்து வருகிறார். ஏழு மணியாகிறது. மினுக்கிய சட்டை கொடியிலே தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீதியால் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதைப் பார்த்தபடி படலையடியில் நிற்கிறார்.

அதே வேளையில் அவருடைய பிள்ளைகள் தொலைபேசியில் ஆலோசனை செய்துகொண்டிருக்கிறார்கள். "அப்பாவுக்கு நாங்கள் என்ன கொடுப்பது?" கனடாவிலிருக்கும் மூத்தவர் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி என்கிறார். கொழும்பிலிருப்பவர் மோதிரம் என்கிறார். வீட்டோடு இருக்கும் மகள் ஒன்றும் சொல்லவில்லை. படலையடியில் நிற்கும் அப்பாவை அவள் ஒருத்திதான் காண்கிறாள்.

இந்தக் கேள்வி இன்று நம்முடைய குடும்பங்கள் பலவற்றில் எழுகின்ற கேள்வி. எழவேண்டிய கேள்வியுங்கூட. பெற்றாரின் உழைப்பை நன்றியோடு நினைப்பது நான்காம் கட்டளையின் பாற்பட்ட கடமை. ஆயினும் எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதற்கு வேதாகமத்திலேயே வழிகாட்டல் உண்டு என்பதைப் பலர் கவனித்ததில்லை. அதை இவ்வாரம் ஆராய்வோம்.

வேலையோடு போவன

இலங்கையில் அரச ஊழியர்கள் 60 வயதில் கட்டாயமாக இளைப்பாறவேண்டும் என்னும் விதி 2023ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையிலுள்ளது. தனியார்துறை ஊழியரின் ஆகக் குறைந்த இளைப்பாறும் வயதை 60 ஆக்கிய சட்டம் 2021இல் நிறைவேறியது. இவ்வாறு சட்டம் ஒரு நாளைக் குறித்துவிடுகிறது. அந்த நாளில் ஒருவரிடமிருந்து எவை எவை போய்விடுகின்றன?

சம்பளம் குறைகிறது என்பதை எல்லோரும் அறிவர். அதனோடு வேறு பலவும் போகின்றன. நாளுக்கு இருந்த ஒழுங்கு போகிறது. நாளாந்தம் கண்டு கதைத்த மனிதர்கள் தூரமாகிறார்கள். "மாஸ்டர்", "ரீச்சர்", "மிஸி" என்று கூப்பிட்ட குரல்கள் குறைகின்றன. எல்லாவற்றிலும் மேலாக, "நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடவாது" என்ற எண்ணம் ஒரே நாளில் இல்லாமற் போகிறது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு புரட்டாதியில் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உழைப்பினால் மனிதன் பொருளை மாத்திரம் ஆக்குவதில்லை, தன்னையும் ஆக்கிக்கொள்கிறான் என்பது அதன் முக்கிய படிப்பினைகளில் ஒன்று. அப்படியானால் உழைப்பு நிற்கும்போது ஒருவர் தமக்குள்ளே எதையோ இழந்தவர்போல ஆவதில் வியப்பில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், சும்மா எரிந்து விழுகிறார் என்று பிள்ளைகள் குறைசொல்லுமுன் இதனை நினைத்துப் பார்க்கவேண்டும்.

லேவியருக்குக் கிடைத்த ஓய்வு

வேதாகமத்தில் இளைப்பாறுதலுக்கு ஒரு விதி உண்டா? உண்டு. எண்ணிக்கை நூல் 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். சந்திப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவியர் ஐம்பது வயதானதும் அந்தப் பணியிலிருந்து நிற்கவேண்டும் என்று ஆண்டவர் மோயீசனுக்குக் கட்டளையிடுகிறார்.

அவர்களுடைய பணி இலேசானதன்று. பாலைவனத்தில் இஸ்ராயேலர் பாளையம் பெயரும்போதெல்லாம் கூடாரத்தின் திரைகளையும் சட்டங்களையும் தூண்களையும் கழற்றிக் கொண்டுபோய், அடுத்த இடத்தில் மீண்டும் நிறுத்துவது அவர்கள் பொறுப்பு. திரைகளுக்கும் சட்டங்களுக்கும் மாட்டுவண்டிகள் கிடைத்தன. பரிசுத்த பொருள்களையோ தோளிலேயே சுமக்கவேண்டியிருந்தது. ஐம்பது வயதுக்குப் பின் அந்தப் பாரத்தை அவர்கள் மேல் வைக்கவேண்டாம் என்று இறைவனே இரக்கங்கொள்கிறார்.

கட்டளை அத்தோடு முடியவில்லை. பணியிலிருந்து நின்ற லேவியர் கூடாரத்தில் தம் சகோதரருக்குத் துணையாயிருந்து காவல் காக்கலாம் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அதாவது சுமை இறக்கப்பட்டது, இடம் பறிக்கப்படவில்லை. முதியவர் கூடாரத்தை விட்டு வெளியே அனுப்பப்படவில்லை. இளையவர்கள் நடுவே, அவர்களுக்கு உதவியாக, மதிப்போடு நிற்கிறார்.

இளைப்பாறும் தகப்பனுக்கோ தாய்க்கோ நாம் கொடுக்கும் எந்தப் பரிசையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். இது அவர் தோளிலுள்ள ஒரு சுமையை இறக்குகிறதா? இது அவருக்கு எங்கள் நடுவே ஓர் இடத்தைக் கொடுக்கிறதா? இவ்விரண்டில் ஒன்றையாவது செய்யாத பரிசு, விலை எவ்வளவாயினும், பொன்னாடையோடு அலுமாரிக்குள் போய்விடும்.

அரசன் கொடுத்ததை வேண்டாம் என்ற முதியவர்

இரண்டாம் சாமுவேல் நூலிலே பர்சில்லாய் என்ற ஒரு முதியவர் வருகிறார். அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீது அரசன் மகனயிம் என்ற ஊரை அடைந்தபோது, உதவிக்கு வந்த மூவரில் இவரும் ஒருவர். அவர்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவரவில்லை. படுக்கைகளும் பாத்திரங்களும் கோதுமையும் பயறும் தேனும் கொண்டுவந்தார்கள். சனங்கள் பசியோடும் களைப்போடும் இருப்பார்கள் என்று எண்ணியே கொண்டுவந்தார்கள் என 17ஆம் அதிகாரம் கூறுகிறது. பெறுபவனுடைய நிலையை எண்ணிப் பார்த்துக் கொடுத்த கொடை அது.

போர் முடிந்து தாவீது எருசலேமுக்குத் திரும்புகையில், பர்சில்லாயைத் தன்னோடு வந்து அரண்மனையில் இருக்கும்படி அழைக்கிறான். நன்றியால் எழுந்த பெரிய கொடைதான். ஆனால் எண்பது வயதான பர்சில்லாய் பணிவோடு மறுக்கிறார். உண்பதன் உருசி தமக்குத் தெரிவதில்லை என்கிறார். பாடுவோரின் குரல் தமக்குக் கேட்பதில்லை என்கிறார். தம் தாய் தந்தையரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே இறக்க விடும்படி கேட்கிறார். தமக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனை அழைத்துப் போகும்படி வேண்டுகிறார்.

தாவீது கோபிக்கவில்லை. "அரசன் கொடுப்பதை மறுப்பதா" என்று மனம் நோகவுமில்லை. முதியவர் விரும்பியபடியே செய்வதாக வாக்களித்து, அவரை முத்தமிட்டு ஆசீர்வதித்து, ஊருக்கு அனுப்பிவைக்கிறான். 19ஆம் அதிகாரத்தில் இதனை வாசிக்கலாம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இந்த அதிகாரத்தை அமைதியாக வாசிப்பது நன்று. இளைப்பாறியதும் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுவிடுவதே மிகப் பெரிய பரிசு என்று பலர் எண்ணுகிறார்கள். சில பெற்றாருக்கு அது மெய்யாகவே மகிழ்ச்சி தரும். வேறு சிலருக்கோ பனிக்காலத்தில் பூட்டிய வீட்டுக்குள்ளே யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே அது முடியும். சொந்த ஊரின் கோவில் மணி, கிணற்றடி, சேமக்காலையில் துயிலும் உறவினர், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஆகிய இவற்றை விட்டுவர மனமில்லாதவரை "உங்களுக்கு ஒன்றும் விளங்காது" என்று கடிந்துகொள்ளலாகாது. கேட்டறிந்து, அவர் சொன்னபடி செய்வதும் ஒரு கொடையே.

காணிக்கை என்ற சாட்டு

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் கடிந்துகொள்கிறார். தாய் தகப்பனுக்கு உதவவேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லிவிட்டால் அதன்பின் பெற்றாருக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். பரிசுத்தமான ஒரு கொடையின் பெயரைச் சொல்லி, கட்டாயமான ஒரு கடமையினின்று தப்பும் வழி அது. இதனாலே கடவுளின் கட்டளையை அவமாக்குகிறீர்கள் என்று ஆண்டவர் சொன்னார்.

இன்று நாம் யாரும் "கொர்பான்" என்ற சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சாட்டு நம்மிடையே உண்டு. "அப்பாவுக்கு அவ்வளவு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்தேனே" என்பவர் ஆறு மாதமாக ஒரு தடவையேனும் அவரோடு ஆறுதலாகக் கதைத்ததில்லை. "மாதாமாதம் காசு அனுப்புகிறேன்" என்பவர், வீட்டிலிருந்து இரவு பகலாகப் பார்க்கும் தங்கைக்கு ஒரு கிழமை ஓய்வு கொடுக்க நினைத்ததில்லை. பெரிய பரிசு சில வேளைகளில் பெரிய கடனை மூடும் துணியாகிவிடுகிறது. பரிசைத் தெரிவு செய்யுமுன் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்கவேண்டிய இடம் இதுவே. இதனை நான் கொடுப்பது என் கடமையோடு சேர்த்தா, கடமைக்குப் பதிலாகவா?

"எனக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

இனி நடைமுறைக்கு வருவோம். என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டால் நம் பெற்றார் சொல்லும் விடை ஒன்றே: "எனக்கு என்னத்துக்குப் பிள்ளை? இருக்கிறது காணும்." இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது; பொருட்படுத்தாது விடவும் கூடாது. ஒரு மாத காலம் கவனித்துப் பாருங்கள். பத்திரிகையை எவ்வளவு தூரத்தில் பிடித்து வாசிக்கிறார்? கதிரையிலிருந்து எழும்பும்போது எதைப் பிடிக்கிறார்? எந்த வேலையைப் பற்றிக் கதைக்கும்போது முகம் மலர்கிறது? "நேரம் கிடைத்தால் செய்யலாம்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது எது? விடை அங்கேதான் இருக்கும்.

சில எடுத்துக்காட்டுகள் தருவோம்.

படிப்பித்தவருக்கு: கண் பரிசோதனையும் நல்ல மூக்குக்கண்ணாடியும், இரவில் வாசிக்க ஏற்ற விளக்கும், பெரிய எழுத்து வேதாகமமும் பயன்படும். விறாந்தையில் ஒரு மேசையும் இரண்டு வாங்குகளும் போட்டுக் கொடுத்தால் அயல்வீட்டுப் பிள்ளைகள் பாடங்கேட்க வருவார்கள். அவருடைய பழைய மாணவர் சிலருக்கு எழுதி, அவரிடம் கற்றதில் மறவாத ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டு, அவற்றைக் கட்டிப் புத்தகமாக்கிக் கொடுக்கலாம். செலவு சொற்பம், அதை அவர் பல தரம் எடுத்து வாசிப்பார்.

பேருந்துச் சாரதிக்கு: ஆவணித் திருவிழாவுக்கு எத்தனையோ தரம் சனங்களை மடுவுக்கு ஏற்றிப்போனவர், அங்கே ஆறுதலாக நின்று முழுப் பூசை கண்டது குறைவாயிருக்கும். இம்முறை அவரைப் பிரயாணியாக அழைத்துச் சென்று, குடும்பமாக இரண்டு மூன்று நாட்கள் தங்கி வாருங்கள்.

கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்தவருக்கு: விண்ணப்பங்கள் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் கைவந்த கலை. ஊரில் அந்த உதவி வேண்டி அலைவோர் பலர். பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபையினர் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்பர். சைக்கிளைக் கழற்றிப் பூட்டி, புது ரயர் போட்டுக் கொடுத்தால் அவர் தாமாகவே புறப்பட்டுவிடுவார்.

கடற்றொழிலாளிக்கு: அவருக்குப் பிரியாவிடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஒரு நாள் மகன் "இனி நீங்கள் வரவேண்டாம்" என்று சொல்வதே அவருடைய இளைப்பாறுதல். அந்தச் சொல் நெஞ்சைச் சுடும். லேவியருக்கான கட்டளை இங்கே மிகவும் பொருந்தும். வள்ளத்தின் பாரத்தை மகன் ஏற்கட்டும். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித் தகப்பனிடம் கேட்டுப் புறப்படட்டும். கரையில் நிழலான ஒரு கொட்டிலும், இருந்து வலை பொத்த வசதியும் செய்து கொடுத்தால், அவர் இன்னும் அந்தத் தொழிலின் மனிதரே.

வெளியே போவதில் விருப்பமற்றவருக்கு ஒரு சாய்மனைக் கதிரை நல்ல பரிசுதான். அதை வீட்டின் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதும் முக்கியம். பின் அறையின் மூலையிலன்று, எல்லோரும் வந்து போகும் முன் விறாந்தையிலேயே அது இருக்கட்டும்.

கைத்தொலைபேசி கொடுக்கிறவர்கள் அதனோடு பத்து மாலைப் பொழுதுகளையும் கொடுக்கவேண்டும். பக்கத்தில் இருந்து, சலியாது, திரும்பத் திரும்பக் காட்டிக் கொடுக்காவிட்டால், அது பெட்டியிலேயே கிடக்கும். பெற்றாரின் அறிவு குறைந்தாலும் பொறுமையாயிரு என்று சீராக் நூல் 3ஆம் அதிகாரம் மகனுக்குப் புத்தி சொல்வதை இங்கே நினைவிற் கொள்வோம்.

ஓய்வு பெறாத அம்மா

தாயார் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறும்போது ஒரு பிழை நேர்கிறது. முப்பது ஆண்டுகள் தாதியாக இரவுக் கடமை பார்த்தவர் வேலையால் நிற்கிறார். மறுநாள் தொடக்கம் வீட்டார் அவரிடம் முழுச் சமையலையும் ஒப்படைக்கிறார்கள். "இனிச் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று பேரப்பிள்ளைகளையும் கொண்டுவந்து விடுகிறார்கள். அவருக்குப் பரிசாக வருவனவும் அரைக்கும் இயந்திரம், சோறு சமைக்கும் பானை என்பவையே. இவை பரிசு என்ற பெயரில் வரும் வேலைகள்.

பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது பல பாட்டிமாருக்குப் பெரிய சந்தோஷம். அது அவர் விரும்பி ஏற்பதாக இருக்கவேண்டும். நாளும் நேரமும் அவரைக் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். தாயாருக்கு நல்ல பரிசு எதுவென்றால், கிழமையில் இரண்டு நாள் அடுப்படிப் பொறுப்பை மகனும் மருமகளும் மகளுமாகப் பங்கிட்டுக்கொள்வது. கடமை காரணமாக எத்தனையோ நத்தார் இரவுகளை நோயாளர் விடுதியிலே கழித்தவர் அவர். இளைப்பாறிய முதல் நத்தாருக்கு முழுக் குடும்பமும் அவரோடு நடுச்சாமப் பூசைக்குப் போவது இன்னொரு பரிசு.

கேளாமல் விடுவதும் பரிசு

மிகவும் மனம் நோகக்கூடிய ஒன்றையும் சொல்லவேண்டும். தனியார்துறையில் உழைத்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கிடைக்கிறது. 1958இல் ஆக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழ் அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி செலுத்தும் 12 வீதமும் மாதந்தோறும் சேர்ந்து வந்த பணம் அது. அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தோடு பணிக்கொடை கிடைக்கிறது. பல வீடுகளில் அந்தக் காசு கைக்கு வருமுன்னரே பங்கு பிரிக்கப்பட்டுவிடுகிறது. ஒருவருக்குச் சீதனம், ஒருவருக்கு வெளிநாட்டு முகவருக்குக் கட்டும் காசு, ஒருவருக்குக் கடை. கேட்பது பிள்ளைகள், இல்லையென்று சொல்லத் தகப்பனுக்கு வாய் வராது. இரண்டு ஆண்டுகளில், மருந்து வாங்குவதற்கே பிள்ளையின் கையைப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது.

உங்கள் பெற்றாருக்கு வேறெதையும் வாங்கிக் கொடுக்க வசதியில்லையா? கவலை வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் கூடி, "அப்பா, இந்தக் காசு உங்களுக்கும் அம்மாவுக்கும் உரியது. எங்களில் ஒருவரும் இதைக் கேட்கமாட்டோம்" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பரிசு பல குடும்பங்களில் இருக்க முடியாது. அதனோடு, ஓய்வூதியக் கோவையை ஒழுங்குபடுத்தவும், படிவங்களை நிரப்பவும், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போகவும் பிள்ளையொருவர் பொறுப்பேற்றால், தோளிலிருந்து இறங்கும் சுமை கொஞ்சமன்று.

கொடுக்கும் நாள்

பரிசைக் கொடுக்கும் முறையிலும் மதிப்பு இருக்கவேண்டும். அந்நாளில் குடும்பமாகத் திருப்பலி காணுங்கள். நன்றிப் பூசைக்கு முன்கூட்டியே பங்குத் தந்தையிடம் சொல்லி வையுங்கள். மாலைச் செபமாலைக்குப் பின், பிள்ளைகள் ஒவ்வொருவரும் பெற்றாரின் உழைப்பால் தாம் பெற்ற ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்துவிட்டு நீங்கள் கிழிந்த செருப்போடு போனீர்கள்" என்ற ஒரு வசனம் தகப்பனின் கண்ணை நிறைத்துவிடும். தூரத்திலிருப்போர் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம். அயலாருக்குக் காட்டப் படமெடுப்பதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

ஒரு நாளோடு இது முடிந்துவிடவும் கூடாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்திய, மூத்தோருக்கும் தாத்தா பாட்டிமாருக்குமான உலக நாள் ஆடி மாதத்து நான்காம் ஞாயிறில் வருகிறது. நம் ஆண்டவரின் பாட்டன் பாட்டியான புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய ஆடி 26ஐ ஒட்டிய நாள் அது. கொடுத்த வாக்கைக் காத்தோமா என்று ஆண்டுதோறும் பார்ப்பதற்கு ஏற்ற நாள்.

சிலுவையில் தொங்கிய வேளையில் நம் ஆண்டவரிடம் தம் தாய்க்குக் கொடுக்கப் பொருள் ஒன்றும் இருக்கவில்லை. உடையைக்கூடப் போர்ச்சேவகர் பங்கிட்டுக்கொண்டனர். அவர் தாய்க்கு ஒரு மகனைக் கொடுத்தார். அந்நேரந் தொடங்கி அந்தச் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்று அருளப்பர் எழுதியிருக்கிறார். படலையடியில் நிற்கும் அப்பாவுக்கும் வேண்டியது அதுவே. நாளை காலை ஏழு மணிக்கு, "அப்பா, உள்ளே வாருங்கள், ஒரு அலுவல் இருக்கிறது, உங்களைத்தான் கேட்கவேண்டும்" என்று கூப்பிட ஒரு பிள்ளை வேண்டும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எண்ணிக்கை நூல் 8ஆம் அதிகாரம் 23 முதல் 26 வரை வாசியுங்கள். நம் வீட்டு முதியவரின் தோளிலிருந்து இறக்கவேண்டிய சுமை எது? அவருக்கென்று கொடுக்கவேண்டிய பொறுப்பு எது?

2. பர்சில்லாயைப்போல நம் பெற்றார் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நாம் வற்புறுத்திச் செய்ததுண்டா?

3. காசு அனுப்பும் பிள்ளையும் வீட்டிலிருந்து பார்க்கும் பிள்ளையும் ஒருவரையொருவர் தாங்குகிறோமா?

4. பெற்றாரின் சேமிப்பைப் பற்றி அவர்கள் முன்னிலையில் மனந்திறந்து பேசி, அது அவர்களுக்கே உரியது என்று உறுதிகொடுத்திருக்கிறோமா?